முழு நைட்டு வீடு

கோயம்புத்தூரில் பஞ்சாலைத் தொழிலாளி வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மூன்று விதமான நாள் தெரியும். பகல் ஷிப்டு நாள், அரை நைட்டு நாள், முழு நைட்டு நாள். எங்கள் அப்பா ஸ்பின்னிங்கில் சைடராக, அதாவது நூற்கும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவராக இருந்தார். காலை 8 மணியிலிருந்து சாயங்காலம் 4 வரைக்கும் பகல் ஷிப்டு. 4 மணிக்குப் போய் நடுராத்திரி 12 மணிக்கு வெளியே வந்தால் அரை நைட்டு. 12 மணிக்கு உள்ளே போய் விடிந்து 8 மணிக்கு வெளியே வந்தால் முழு நைட்டு. வாரத்துக்கு ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கும். வீட்டில் காலண்டரும் இருந்தது, கடிகாரமும் இருந்தது. ஆனால் எங்கள் சோறும் தூக்கமும் மில் சங்கின்படிதான் நடந்தன.

இது 1970களில். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே வரிசையாக எட்டு வீடுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு திண்ணை, உள்ளே ஒரு அறை, பின்னால் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத சமையல்கட்டு. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. அங்கே யாராவது இருமினால் இங்கே கேட்கும். லைன் கோடியில் பொதுக் குழாய், அதைத் தாண்டி இரண்டு கக்கூஸ். குளிக்கத் துவைக்கக் கிணற்று உப்புத்தண்ணி. குடிக்க சிறுவாணித் தண்ணி. அது வரும் நேரத்துக்கு எட்டு வீட்டுக் குடமும் வரிசையில் நிற்கும்.

கோயம்புத்தூரில் 1888இல் ஸ்டேன்ஸ் மில் என்ற பஞ்சாலை வந்தது. 1930களில் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு அவினாசி ரோட்டிலும் திருச்சி ரோட்டிலும் ஆலைகள் வரிசையாகப் பெருகின. மழை தவறினால் கஞ்சிக்கு வழியில்லை என்றிருந்த குடும்பங்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து கிளம்பி வந்தன. ஆலையைச் சுற்றி லைன் வீடுகள் முளைத்தன. எங்கள் ஆத்தா, அதாவது அப்பாவைப் பெற்றவர், சாகும் வரைக்கும் அந்த லைன் வீட்டை வீடு என்று சொன்னதில்லை. "ஊட்டுக்குப் போலாம்" என்று அவர் சொன்னால் அது ஊரில் இருந்த கூரை வீட்டை. அம்மாவுக்கு அப்படி இல்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவருக்கு அந்த ஒற்றை அறைதான் வீடு. அதை வீடாக வைத்திருந்ததும் அவர்தான்.

முழு நைட்டு வாரம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலையில் அப்பா வரும்போது தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். வாசலிலேயே துண்டால் உதறிவிட்டு, உப்புத்தண்ணியில் குளித்து, சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். அப்போது லைன் முழுவதும் விழித்திருக்கும். குழாயடியில் குடம் உருளும், குழந்தை அழும், கீரைக்காரி கூவுவாள், நாங்கள் மூன்று பேர் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருப்போம். அந்த இரைச்சலுக்கு நடுவில் ஒரு மனிதன் எட்டு மணி நேரம் நின்ற காலோடு தூங்கியாக வேண்டும். தூங்காமல் மறுபடி மெஷினுக்குப் போனால் கை போய்விடும். எங்கள் லைனிலேயே இரண்டு விரல் இல்லாதவர் ஒருவர் இருந்தார்.

அதனால் அம்மா கதவுத் தாழ்ப்பாளில் ஒரு சிவப்புத் துண்டைத் தொங்கவிடுவார். சிவப்புத் துண்டு தொங்கினால் உள்ளே முழு நைட்டுக்காரர் தூங்குகிறார் என்று எட்டு வீட்டுக்கும் தெரியும். கீரைக்காரி அந்த வாசலை வாய் திறக்காமல் கடப்பாள். மூன்றாவது வீட்டு அக்கா அம்மியில் அரைக்க வேண்டியதைக் கோடி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார். பையன்கள் கோலி விளையாட ரோட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் ஜன்னலுக்குப் பழைய கம்பளி. நான் கொலுசு போட்டதே இல்லை. பிடிக்காமல் இல்லை. முழு நைட்டு வாரத்தில் கழற்ற வேண்டும், மறு வாரம் மாட்ட வேண்டும் என்பதால் அம்மா வாங்கித் தரவில்லை. எங்களுக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததும் இல்லை. தட்டை ஓசையில்லாமல் வைக்கவும், வாளியைத் தரையில் இழுக்காமல் தூக்கவும், சண்டை வந்தால் கிசுகிசுத்தே போட்டு முடிக்கவும் ஆறு வயதுக்குள் நாங்கள் பழகிவிட்டோம். அடுத்த வாரம் நாலாவது வீட்டில் சிவப்புத் துண்டு தொங்கும். அப்போது நாங்களும் ஒதுங்கி நடப்போம். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்த ஏற்பாடு இல்லை அது.

அந்தக் காலத்தில் குடும்பமே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது, இப்போதுதான் ஆளுக்கொரு நேரம் என்று பலர் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்தது அப்பாவின் வார லீவு நாளில் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் யாராவது ஒருவர் மில்லில், அல்லது தூக்கத்தில், அல்லது குழாயடியில். அப்படி இருந்தும் அது வீடாகத்தான் இருந்தது. இல்லாத ஆளுக்கு எடுத்து வைக்காமல் அங்கே யாரும் சாப்பிட்டதில்லை. அப்பா அரை நைட்டு முடிந்து ஒரு மணிக்கு வந்தால் சோறு சூடாக இருக்கும். அந்நேரத்துக்குப் பெரும்பாலும் அரிசிம்பருப்புதான். ஒரே சட்டியில் முடிந்துவிடும், சீமெண்ணெய் மிச்சம். தூக்கத்தில் புரண்டு படுக்கும்போது வெங்காயம் வதங்கும் வாசம் மூக்கில் ஏறும். அப்பா வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே மறுபடி தூங்கிப்போவேன்.

அம்மா எப்போது தூங்கினார்?

பகல் ஷிப்டு வாரத்தில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தார். ஏழரைக்குள் தூக்குப்போசி தயாராக வேண்டும். அரை நைட்டு வாரத்தில் ஒரு மணிக்கு அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டுப் படுத்து, எங்களைப் பள்ளிக்கூடம் அனுப்ப ஐந்துக்கு எழுந்தார். முழு நைட்டு வாரத்தில் பதினொரு மணிக்கு அப்பாவை எழுப்பிக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டுப் படுத்தார். சிறுவாணித் தண்ணி இரண்டு மணிக்கு வருகிறது என்றால் அப்போதும் எழுந்தார். அப்பாவுக்கு ஷிப்டு மாறியது. அம்மாவுக்கு மூன்று ஷிப்டும் சேர்ந்தே ஓடியது. அப்பாவின் உழைப்புக்கு மஸ்டர் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தது, இ.எஸ்.ஐ. இருந்தது, பி.எஃப். இருந்தது, தீபாவளிக்கு போனஸ் இருந்தது. 1972இல் வந்த சட்டத்தால் பணிக்கொடையும் இருந்தது. இவையெல்லாம் தொழிற்சங்கங்கள் போராடி வாங்கியவை, அதில் எனக்குப் பெருமை உண்டு. அம்மாவின் உழைப்பு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவர் தட்டில் விழுந்ததும் கடைசிச் சோறுதான். சட்டியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தண்ணி ஊற்றிக் கரைத்துக் குடிப்பார். நாங்கள் கேட்டால், "எனக்குக் காந்தல்தான் கண்ணு புடிக்கும்" என்பார். வெகு நாள் அதை நம்பியிருந்தோம்.

போனஸ் என்றதும் கோவைக்காரர்களுக்கு ஒப்பணக்காரத் தெருவின் கூட்டம் ஞாபகம் வரும். ஊரே மில் போனஸை நம்பிக் கடை விரித்த காலம். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் போனஸில் துணி எடுக்கவில்லை. அப்பா வெட்கிரைண்டர் வாங்கி வந்தார். கிரைண்டர் எங்கள் ஊர்க்காரர்கள் 1950களில் உருவாக்கியது. பின்னாளில் கோயம்புத்தூர் வெட்கிரைண்டர் என்று புவிசார் குறியீடே கிடைத்தது. ஆனால் அன்றைக்கு லைன் வீட்டில் அது பெரிய பொருள். அதுவரைக்கும் லைன் கோடியில் இருந்த பொது ஆட்டுக்கல்லில் முறை வைத்து ஆட்டுவார்கள். ஆட்டி ஆட்டி அம்மாவின் வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். துணி இல்லாத தீபாவளிக்கு நாங்கள் அழுதோம். அப்பா எங்களை உட்கார வைத்து, "அம்மாளோட கையப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சமையல்கட்டுக்குள் காலெடுத்து வைத்தவரும் இல்லை. ஆனால் அந்தக் கையை அவர் பார்த்திருந்தார் என்பதை இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கிரைண்டர்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது. 1990களில் மில் நின்றது. அப்பாவுக்கு வரவேண்டிய பணம் துண்டு துண்டாகப் பல வருஷம் கழித்து வந்தது. அம்மா மாவு ஆட்டி விற்றார். காலையில் ஐந்து மணிக்கே தூக்குப்போசியோடு ஆட்கள் திண்ணையில் நிற்பார்கள். அவர் வாழ்நாளில் முதன்முறையாக அவருடைய உழைப்புக்கு ஒரு கணக்கு நோட்டு வந்தது. என் தங்கையின் கல்யாணச் செலவில் பாதி அந்த நோட்டிலிருந்து வந்தது.

அப்பாவுக்கு எங்களைப் பற்றி ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. பெரிய உத்தியோகம், காசு பணம் எதையும் அவர் சொல்லவில்லை. "எம்புள்ளைக ராத்திரி தூங்கோணும்" என்பார். ராத்திரி தூங்கினால்தான் மனுசன் என்பது அவர் எண்ணம். அதற்காகத்தான் படிக்க வைத்தார். நான் ஒரு அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலைக்குப் போனேன். காலை பத்து, மாலை ஐந்தரை. தம்பிக்கும் பகல் வேலை. எனக்கு வாய்த்தவர் மோட்டார் பம்பு கம்பெனியில் டர்னர், பகல் ஷிப்டு மட்டும். அப்பா நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

பேத்தி முழு நைட்டுக்குப் போவாள் என்று அவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

என் மகள் ஒரு அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோவையில் உட்கார்ந்து வேலை செய்கிறாள். நாங்கள் சரவணம்பட்டிப் பக்கம் வீடு கட்டி வந்துவிட்டோம். அந்தப் பக்கம் முழுக்கக் கணினிக் கம்பெனிகள். சாயங்காலம் ஐந்தரைக்கு வாசலில் கார் வந்து நிற்கும். ஆறரைக்கு வேலை ஆரம்பம், விடியற்காலை மூன்றரைக்கு முடியும், நாலேகாலுக்கு வீடு. நவம்பர் மாதம் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். உடனே எங்கள் வீட்டில் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். மார்ச்சில் திரும்பவும் முன்னால் வரும். முன்பு ஒரு மைல் தூரத்துச் சங்குக்கு எங்கள் அடுப்பு எரிந்தது. இப்போது கடல் தாண்டி இருக்கும் கடிகாரத்துக்கு எரிகிறது.

மாப்பிள்ளை திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். காலையில் போனால் ராத்திரி எட்டரை. அவர் வரும்போது அவள் இருக்க மாட்டாள். அவர் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். ஆறு வயதுப் பேரனும் 80 வயது தாண்டிய என் அம்மாவும் எங்களோடு இருக்கிறார்கள். மறுபடியும் ஆறு பேர்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் அப்பா காலத்தில் ஒரு பெண் விரும்பினாலும் மில்லில் முழு நைட்டு பார்த்திருக்க முடியாது. காலை ஆறு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் பெண்களை வேலையில் வைக்கக் கூடாது என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது, பெண்களின் பாதுகாப்புக்கான நெறிகளையும் வகுத்தது. தீர்ப்பு வந்தபோது என் அம்மா, "சட்டம் கெடக்கட்டும், எந்த ஊட்டுக்குள்ள பொம்பள ராத்திரி தூங்குனா?" என்று கேட்டார். மில்லுக்குள் ராத்திரி வேலை கூடாது என்று தடுத்த சட்டம் வீட்டுக்குள் நடந்த ராத்திரி வேலையைப் பார்க்கவே இல்லை என்பதை அவர் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார்.

மகள் இந்த வேலைக்குச் சேர்ந்தபோது நான் அம்மா செய்ததையே செய்யத் தொடங்கினேன். நாலு மணிக்கு எழுந்து காத்திருப்பது, அவள் சாப்பிடும் வரைக்கும் பக்கத்தில் நிற்பது, ஆறு மணிக்குப் பேரனை எழுப்புவது. அவளுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு விடியற்காலை சாப்பாட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "அம்மா, நீ எனக்காக முழிச்சுட்டு இருந்தா நா இந்த வேலைக்கே போகல. அம்முச்சி மாதிரி உன்னையும் என்னால பாக்க முடியாது" என்று சொல்லிவிட்டாள். அம்முச்சி என்று அவள் சொல்வது என் அம்மாவை. அவள் குரல் உயர்ந்ததில் உள்ளே படுத்திருந்த அவள் அப்பா எழுந்து வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. மறுநாள் நாலு மணிக்கு அலாரம் வைத்து அவர் எழுந்தார்.

வாழ்க்கை முழுவதும் லேத்தில் நின்றவர். அடுப்பு அவருக்குப் புதுசு. முதல் வாரம் பாலைச் சுட வைத்துக் கொடுத்தார். அடுத்து தோசை. தோசை கல்லோடு ஒட்டியதும் கல்லையே இறக்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு நாள், "அரிசிம்பருப்புக்கு என்ன அளவு?" என்று கேட்டார். நான் சொல்வதற்குள் என் அம்மா கட்டிலிலிருந்தே சொன்னார். இரண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு. சின்ன வெங்காயம் ஒரு கை, பூண்டு பத்துப் பல். வரமிளகாய், சீரகம், நாலு மிளகு, ஒரு தக்காளி, மஞ்சள் தூள். வீட்டுக்காரர் ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தார். டம்ளரை நிரப்பி விரலால் மேலே வழித்துச் சமமாக்கி அளந்தார்.

அம்மாவுக்கு முதலில் தாங்கவில்லை. தன் மாப்பிள்ளை கரண்டி பிடிப்பதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஊருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க" என்று என்னிடம் புலம்பினார். ஆனால் எண்ணெய் காய்வதற்கு முன்பே வெங்காயத்தைக் கொட்டுகிற ஒருவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பார்? நடைக்குச்சியை ஊன்றி எழுந்து வந்து சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "மாப்ளைங்க, சீரகம் பொரியட்டும், அப்பறம் வெங்காயம். பூண்ட நசுக்காதீங்க, முழுசாப் போடுங்க. தீயக் கொறைங்க." அவரும், "செரிங்க, செரிங்க" என்று சொன்னபடி செய்தார். இன்றைக்கு அவர் செய்யும் அரிசிம்பருப்பில் அம்மாவின் கை இருக்கிறது. நான் செய்தால் அந்த ருசி வராது.

நாலேகாலுக்குக் கார் நிற்கும். மகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வருவாள், பையன் எழுந்துவிடக் கூடாது என்று. சூடான சோற்றில் ஒரு ஸ்பூன் நெய் விட்டு அவள் அப்பா வைப்பார். அவள் சாப்பிட்டுக்கொண்டே அன்றைக்கு யாருடைய பில் தகராறு என்று சொல்வாள். அங்கே ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்து காப்பீடு மறுக்கப்பட்ட கதையை இங்கே எங்கள் வீட்டுக்காரர் கவலையோடு கேட்பார். சில நாள் மறுநாளும் விசாரிப்பார். நான் தூங்கிக்கொண்டிருப்பேன். இதையெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவள் பகலில் தூங்குவது இன்றைக்கும் லேசான காரியமில்லை. அவளுக்குத் தனி அறை இருக்கிறது, ஏ.சி. இருக்கிறது, வெளிச்சம் புகாத கனத்த திரை இருக்கிறது. என் அப்பாவுக்கு இருந்தது பழைய கம்பளி. ஆனால் அப்பாவுக்கு எட்டு வீடு காவல் இருந்தது. இங்கே தெருவில் எதிர் வீட்டுக்கும் எங்களுக்கும் சிரிப்பு மட்டும்தான் பழக்கம். பார்சல் கொண்டுவரும் பையன்கள் மணியை விடாமல் அடிப்பார்கள். எங்கள் வீட்டுக்காரர் காலிங்பெல் ஒயரைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கோவில் மைக்கும் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கியும் அவர் கையில் இல்லை. போன வருஷம் நான் எதிர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நேரே போய்ச் சொன்னேன்: "எம்பொண்ணு நைட் ஷிப்டுங்க, பகல்லதான் தூங்குவா." எதிர் வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மருமகளும் நைட்டுதானுங்க. சொன்னா தப்பா நெனைப்பாங்களோன்னு இருந்தேன்" என்றார். அதன் பிறகு அவர்கள் வீட்டில் மிக்ஸி ஓடும் நேரம் மாறியது, எங்கள் வீட்டிலும் மாறியது. ஒரே தெருவில் இருந்துகொண்டு அதற்கு முன்பு வாய் திறந்து பேசாமல் இருந்ததுதான் எனக்கு வருத்தம்.

லைன் வீடு திரும்பி வர வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். இருட்டோடு எழுந்து கக்கூஸ் வரிசையில் நின்ற பெண்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். தீட்டு நாட்களில் பெரிய பெண்கள் பட்ட பாட்டை எழுதினால் காகிதம் போதாது. வீட்டுக்குள்ளேயே குழாய், உள்ளேயே குளியலறை, கேஸ் அடுப்பு, கிரைண்டர், துவைக்கிற மெஷின் எல்லாம் வந்தது நல்லதுக்குத்தான், இன்னும் எல்லாருக்கும் வர வேண்டும். நான் சொல்வது வேறு. லைன் வீட்டை நினைத்து உருகுகிறவர்கள், அங்கே வாசலில் சிவப்புத் துண்டைத் தொங்கவிட்ட பெண் எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அந்த வீட்டின் சுகம் முழுவதும் ஒருத்தியின் தூக்கத்திலிருந்து எடுத்தது.

அது அந்தக் காலத்தோடு முடிந்துவிடவும் இல்லை. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் நடந்தது, மறுபடி 2024இல் நடந்தது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் கூலியில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 2019இல் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செய்தார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்கள் 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். கையால் அரைத்த காலம் போய் மெஷின் வந்த பிறகும் பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் போகிறது. ஆணின் பங்கு கூடவில்லை, குறைந்திருக்கிறது. என் மகளைப் போல ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, பகலில் அடுப்படியிலும் நிற்கிற பெண்கள் எங்கள் பக்கத்துத் தெருக்களில் எத்தனையோ பேர். அவர்கள் அம்மாவின் மூன்று ஷிப்டோடு அப்பாவின் ஷிப்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. வெளிநாட்டில் வேலை பார்த்த கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து பற்றிய வழக்கு. மனைவி ஊரில் இருந்து வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அவர் அதைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் அங்கே சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சொத்தில் அவருக்கும் சம பங்கு உண்டு என்றது நீதிமன்றம். இந்தச் செய்தியைப் பேப்பரில் படித்து அம்மாவிடம் சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம், "உங்கப்பாவுக்கு வந்த பணிக்கொடையில எனக்குப் பாதி இருந்துச்சா அப்ப?" என்று கேட்டார். இருந்ததும்மா என்றேன். அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். என் மகளின் கணவர் இன்னும் தட்டைத் தூக்கிக் கழுவப் போடுவதோடு நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமைக்க மகள்தான் எழுந்து வருகிறாள். அதைப் பற்றி நான் வாய் திறந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பேரன் வளர்வது வேறு வீடு. அவன் பார்த்து வளரும் காட்சியில் விடியற்காலை அடுப்பைப் பற்ற வைப்பவர் தாத்தா. போன மாதம் பள்ளியில் வீட்டைப் பற்றி வரையச் சொன்னார்களாம். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு ஆள் குக்கர் முன்னால் நிற்பது போல வரைந்துகொண்டு வந்தான்.

பையன்களைப் பெற்றவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வெளியூரில் வேலைக்குப் போனால் பிழைக்கட்டும் என்று சமையல் சொல்லிக் கொடுக்காதீர்கள். அது அவன் வயிற்றுக்கு மட்டும்தான் ஆகும். களைத்து வரும் இன்னொருவருக்கு எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். அரிசிம்பருப்பிலிருந்து தொடங்கலாம், அளவு மேலே இருக்கிறது. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார் என்று இன்று ராத்திரி பாருங்கள். நாளைக்கு அவரை முதலில் உட்கார வைத்து, அவருக்குப் போட்டுவிட்டு நீங்கள் சாப்பிடுங்கள்.